மூங்கில் நடலாம், மண் யாருடையது?



கொஞ்ச காலமாகவே நாட்டில் மூங்கிலைப் பற்றிய பேச்சு பலமாக அடிபடுகிறது. மரத்துக்குப் பதில் மூங்கில், பிளாஸ்டிக்குக்குப் பதில் மூங்கில் என்று மேடைகளில் பேசுகிறார்கள். 2021 முதல் 2030 வரை மூங்கில் தொழிலை வளர்ப்பதற்கென்றே ஒரு செயல்திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகம் எந்த மூங்கில் எதற்கு ஏற்றது என்று பல வருஷமாக ஆராய்ந்து வருகிறது. செம்பனைக்கு அடுத்தபடி மூங்கில்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

“அதெல்லாம் பெரிய இடத்துப் பேச்சு. லயத்து வீட்டுல இருக்கிற நமக்கு இதுல என்னாங்க இருக்கு?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூங்கில் நடலாம். விற்றுப் பணம் பார்க்க அல்ல, வீட்டுச் செலவைக் குறைக்க. ஆனால் குழி தோண்டுவதற்கு முன்னால் அந்த மண்ணைப் பற்றி நிர்வாகத்திடம் பேசி, பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

நமக்குப் புதிதல்ல

மூங்கில் நம்மவர்களுக்குப் புதிய பொருள் அல்ல. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டது மூங்கிலில். பிள்ளைக்குத் தொட்டில் கட்டியதும், கூடை முறம் பின்னியதும், கடைசியில் பாடை கட்டியதும் மூங்கிலில்தான். செம்பனை மரம் உயர்ந்து போனபோது, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டித்தான் குலை வெட்டினோம். அலுமினியக் கழி வந்தது பிறகுதான்.

வேறொரு நினைவும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் மூங்கில் காட்டை வெட்டி, மூங்கில் கொட்டகையில் படுத்து, மூங்கில் முள் கீறிய காயம் புரையோடி மாண்டார்கள். மூங்கில் என்றாலே முகம் சுளித்த பெரியவர்கள் இருந்தார்கள் என்றால் காரணம் இதுதான். யாரோ ஒருவனுக்காக அடிபட்டு வெட்டிய மூங்கில் அது. நாம் இங்கே பேசுவது நம் வீட்டுக்காக நாமே நட்டு வெட்டும் மூங்கில்.

வீட்டுக்கு என்ன மிச்சம்?

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. முன்பிருந்த 1,500 வெள்ளியோடு பார்த்தால் உயர்வுதான். ஆனால் கடைக்குப் போய்வரும் அம்மாக்களுக்குத் தெரியும், அந்த 200 வெள்ளி எங்கே போய்ச் சேருகிறது என்று. சம்பளம் ஏறுவதற்குச் சங்கம் போராட வேண்டும். அது ஒரு பக்கம். கையை விட்டுப் போகும் காசைக் குறைப்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பக்கத்தில்தான் மூங்கில் வருகிறது.

பயத்தங்காய், புடலை, பாகல், அவரை எல்லாமே கொடி. கொடிக்குக் கொம்பு வேண்டும், பந்தல் வேண்டும். கோழி வளர்த்தால் கூடு வேண்டும், ஆடு வளர்த்தால் கொட்டகையும் அடைப்பும் வேண்டும். துணி காயப்போடக் கழி, தேங்காய் பறிக்கத் துரட்டி, மாடி வேலைக்கு ஏணி, வாழைக்கு முட்டு. இவற்றுக்கெல்லாம் இன்று என்ன செய்கிறோம்? பட்டணத்து இரும்புக் கடையில் குழாயும் கம்பியும் வாங்குகிறோம், அல்லது “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கொடி போடாமலே விட்டுவிட்டுக் காய்கறியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். நன்றாக வளர்ந்த ஒரு மூங்கில் புதரிலிருந்து வருஷத்துக்கு ஐந்தாறு முற்றிய கழி எடுக்கலாம். புதர் அழியாது, வெட்ட வெட்டப் புதுக் குருத்து வரும். ஒரு முறை நட்டால் பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும்.

“காட்டோரம் போய் நாலு கழி வெட்டிக்கிட்டு வந்தா போச்சு” என்று நினைக்க வேண்டாம். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வனக் காப்பு நிலத்தில் உள்ள மூங்கிலும் வன விளைபொருள்தான். உரிமம் இல்லாமல் வெட்டினால் குற்றம். நாலு கழிக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

நாலு வருஷக் கணக்கு

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கீரை விதைத்தால் மூன்று வாரத்தில் பறிக்கலாம். மரவள்ளி நட்டால் ஒரு வருஷத்துக்குள் கிழங்கு. மூங்கில் அப்படி இல்லை. குருத்து முளைத்த இரண்டு மூன்று மாதத்தில் ஒரு கழி முழு உயரத்துக்குப் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கழி முற்றி உறுதியாவதற்கு மூன்று வருஷம் ஆகும். அதுபோக, புதிதாக நட்ட கன்றில் முதல் இரண்டு வருஷம் வருவதெல்லாம் குச்சி குச்சியாகத்தான் இருக்கும். பருமனான கழி வரத் தொடங்குவதே நாலாம் ஐந்தாம் வருஷத்தில்தான். ஆகவே வெட்டிப் பயன்படுத்தும் கழிக்கு ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். கொடிக்குக் கொம்பாகும் மெல்லிய கழி மட்டும் மூன்று நாலு வருஷத்தில் கிடைக்கும்.

இப்போது நம் நிலையை எண்ணிப் பாருங்கள். நாம் குடியிருக்கும் வீடு தோட்டத்தின் வீடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு மண் தோட்டத்தின் மண். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஐம்பத்தாறு வயதுத் தொழிலாளி ஒருவர் இன்று மூங்கில் நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடிக்குக் கொம்பு கிடைக்கும் நேரத்தில் அவருக்கு வயது 60. வேலை முடிந்தது, வீட்டைக் காலி செய்ய வேண்டும். நட்டவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர்.

இதோடும் முடியவில்லை. மறுநடவு வரும்போது, தோட்டம் கைமாறும்போது, நிலம் வீடமைப்புக்குப் போகும்போது முதலில் புல்டோசர் ஏறுவது லயத்தின் பின்பக்கத்துக் காய்கறிப் பாத்தியின் மீதுதான். 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் பட்டணங்களாக மாறியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. மாட்டுக் கொட்டகையும் தென்னையும் முருங்கையும் கணக்கிலேயே வரவில்லை. “நீ நட்டதுக்கு எங்க பேப்பர்?” என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நாம் சோம்பேறிகள் என்பதால் மரம் நடாமல் இருக்கவில்லை. பலன் வரும் நாளில் நாம் இங்கே இருப்போமா என்ற சந்தேகம்தான் கையைக் கட்டிப்போட்டது. கம்பத்து மலாய்க்காரர் வீட்டு ஓரத்தில் மூங்கில் இருக்கிறது, பலா இருக்கிறது, டுரியான் இருக்கிறது என்றால், அவர் காலுக்குக் கீழே இருக்கும் மண் அவர் வீட்டு மண். வித்தியாசம் மனிதர்களில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

பதினாறில் ஒரு பங்கு

வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு தோட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. ஏட்டில் இருந்த அளவுக்கு எல்லாத் தோட்டங்களிலும் அது நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும், தொழிலாளி குடும்பத்துக்கு வீடு மட்டும் போதாது, பயிரிடக் கொஞ்சம் மண்ணும் வேண்டும் என்பதை அந்தக் காலத்துச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது.

ஆகவே நாம் மண் கேட்பது பிச்சை அல்ல, புதுமையும் அல்ல. எப்படிக் கேட்பது?

தனி ஆளாகப் போக வேண்டாம். பத்துக் குடும்பம் சேர்ந்து, தோட்டச் சங்கக் கிளையின் மூலமாகக் கேளுங்கள். “எங்கேயாவது கொஞ்சம் எடம் கொடுங்க” என்று பொதுவாகக் கேட்காமல், இன்ன இடம், இத்தனை அடி என்று குறித்துக் கேளுங்கள். செம்பனை நடமுடியாத சரிவு, பழைய ஆயாக் கொட்டகை ஓரம், விளையாட்டுத் திடலின் எல்லை என்று ஒவ்வொரு தோட்டத்திலும் சும்மா கிடக்கும் இடம் இருக்கும். ஆற்றங்கரை மட்டும் வேண்டாம். அங்கே ஒதுக்கு நிலத்துக்குத் தனி விதிகள் உண்டு.

கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, இந்த இடத்தில் தொழிலாளர்கள் மூங்கிலும் காய்கறியும் பயிரிட நிர்வாகம் அனுமதிக்கிறது. இரண்டு, அந்த இடம் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டால் இத்தனை மாதத்துக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். நட்டவர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளலாம், கிழங்கைத் தோண்டிக்கொண்டு போகலாம். மூன்று, ஒருவர் ஓய்வு பெற்றாலும் அவருடைய பங்கு குழுவில் இருக்கும். மானேஜரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். வாயால் சொன்ன அனுமதி, அந்த மானேஜர் மாற்றலாகிப் போகும் நாளோடு போய்விடும்.

நிர்வாகம் மறுக்குமா? மறுக்கலாம். ஆனால் இன்றைக்கு நிலைமை முன்போல இல்லை. மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாகியிருக்கிறது. தொழிலாளர் நலன், குடியிருப்பு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் தணிக்கையாளர் வந்து பார்க்கிறார், தொழிலாளர்களிடமும் பேசுகிறார். தொழிலாளர்களுக்கு நிலம் ஒதுக்கி மூங்கில் வளர்க்கிறோம் என்று காட்டுவது கம்பெனிக்கும் நல்ல பெயர். இதைச் சங்கத்துக்காரர்கள் மேசையில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடிதம் கிடைக்காவிட்டால்? பெரிய மூங்கிலை விட்டுவிடுங்கள். சீக்கிரம் பலன் தரும் கீரையும் காயும் போடுங்கள், மூங்கில் ஆசை இருந்தால் சிறிய வேலி மூங்கிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலைத் தரை வீடு வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே போதும்.

எதை நடுவது, எப்படி நடுவது

மூங்கிலில் பல ஜாதி. பூலோ பெத்தோங் பெரியது; எழுபது எண்பது அடிக்கு மேலேயும் போகும். குருத்து தின்பதற்கும் தூணுக்கும் நல்லது, ஆனால் லயத்துப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பூலோ செமந்தான் தீபகற்பத்தில் சாதாரணமாகக் கிடைப்பது. கூடை, பந்தல், தட்டி எல்லாவற்றுக்கும் ஆகும். பொது இடத்துக்கு இது பொருத்தம். பூலோ மிஞ்ஞாக் கழியை வெட்டி நட்டாலே வேர் விடும், ஆனால் பூச்சிக்கு அதுதான் முதல் தீனி. பூலோ பாகார் என்னும் வேலி மூங்கில் சிறியது. கொடிக்குக் கொம்பு, வீட்டு ஓரத்துக்கு மறைப்பு. இவை எல்லாம் புதராக ஒரே இடத்தில் வளர்பவை. மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் வெளிநாட்டு ஜாதியை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மழை பிடிக்கும் நேரத்தில் நடுங்கள். ஒன்றிரண்டு வயதுக் கழியை மூன்று நாலு கணு விட்டு வெட்டி, அடிக்கிழங்கு வேரோடு தோண்டி எடுத்து நடுவது பழைய முறை. குழி இரண்டடிக்கு இரண்டடி. சாணி எருவும் மக்கிய குப்பையும் போடுங்கள். புதருக்குப் புதர் பதினெட்டு, இருபது அடி இடைவெளி வேண்டும். வீட்டுச் சுவர், சாக்கடை, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து இருபது அடியாவது தள்ளி நடுங்கள். முதல் வருஷம் களை எடுக்க வேண்டும், மாடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டும்போது மூன்று வயதுக்கு மேற்பட்ட கழியை மட்டும் வெட்டுங்கள். அடையாளத்துக்கு ஒவ்வொரு வருஷக் கழியிலும் ஒரு நிறச் சாயத்தால் கோடு போட்டுவைப்பது சுலபமான வழி. குருத்தை எல்லாம் பறித்துவிட்டால் அடுத்த வருஷம் கழி இல்லை, பாதியை விட்டுவையுங்கள்.

வெட்டும் இடமும் முக்கியம். கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுவுக்கு மேல் நீளமாக விட்டால் அது கிண்ணம்போல மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் டிங்கிக் காய்ச்சல் கண்டது. கழிக்கு ஆசைப்பட்டுக் காய்ச்சலை வளர்க்கக் கூடாது.

பூச்சியும் குருத்தும்

“மூங்கில் ஒரு வருஷத்துல மாவாக் கொட்டிடுமே!” என்று சொல்வார்கள். உண்மைதான். கழிக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித் துளைப்பூச்சி வருகிறது. வெட்டிய கழியைச் சில வாரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைப்பது அந்தக் காலத்து வழி. மாவுச்சத்து கரைந்து போகும். போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணீரில், கணுத் தடுப்புகளைத் துளையிட்ட கழியை ஊறவைப்பது இன்றைய வழி. இது நன்றாக வேலை செய்யும், ஆனால் விஷம். பிள்ளைகளும் கோழிகளும் நெருங்காத இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். சாப்பாடு சம்பந்தப்பட்ட எதற்கும் அந்தக் கழி ஆகாது.

மருந்து போடாத கழியை மண்ணில் நேராக ஊன்றினால் ஒன்றிரண்டு வருஷம்தான். கூரைக்குக் கீழே நனையாமல் இருந்தால் நாலைந்து வருஷம் தாங்கும். ஆகவே கொட்டகைத் தூணைக் கல் மேல் அல்லது சிமெண்டுக் கட்டையின் மேல் நிறுத்துங்கள்.

குருத்தை மலாய்க்காரர்களும் சீனர்களும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பசாரில் ரெபோங் என்று விற்கிறது. நம் வீட்டிலும் சமைக்கலாம். ஆனால் மரவள்ளியில் இருப்பதைப்போன்ற விஷச்சத்து பச்சைக் குருத்திலும் உண்டு. தோலை உரித்து, மெல்லிசாக அரிந்து, மூடி போடாமல் நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் புதுத் தண்ணீரில் வேகவைத்துக் கசப்பு போன பிறகே குழம்பில் போட வேண்டும். பச்சையாகப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். உரிக்கும்போது தோலில் இருக்கும் சுணை அரிக்கும், கையை மூடிக்கொள்ளுங்கள்.

பணம் காய்க்கும் மூங்கில்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எந்தப் பயிருக்குப் பெயர் வந்தாலும், அதன் பின்னாலேயே தோல் பை தூக்கிக்கொண்டு ஆள் வருவான். “இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டுங்க, உங்க பேர்ல மூங்கில் நடுறோம், அஞ்சு வருஷத்துல ரெட்டிப்பு” என்பான். 1980களில் நம்மவர்கள் தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியதும், கூட்டுறவில் போட்ட பணம் 1986ஆம் ஆண்டில் முடங்கியதும் நமக்கு மறந்துவிடக் கூடாது.

அந்த ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? வெட்டிய கழியை யார் வாங்குவார்கள், ஒப்பந்தம் எங்கே? பக்கத்தில் ஆலை இருக்கிறதா, லாரி வாடகை யார் கொடுப்பது? மூங்கில் உள்ளே காற்று நிறைந்த பொருள். எடை குறைவு, இடம் அதிகம். ஆலை தூரத்தில் இருந்தால் விற்ற காசு லாரிக்கே போய்விடும். அரசாங்கத்தின் செயல்திட்டம் நல்ல திட்டமாகவே இருக்கலாம். ஆனால் அதன் பலன் நிலம் உள்ளவனுக்கும் ஆலை உள்ளவனுக்கும்தான் முதலில் போகும். கூலிக்காரனுக்கும் வர வேண்டுமானால், அந்தத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர் குழுக்களுக்குக் கன்றும் பயிற்சியும் இடமும் வேண்டும் என்று நம் சங்கமும் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி நாம்தான் அவர்களை நெருக்க வேண்டும்.

அன்பர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை பற்றிப் பேசும்போது இதையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எந்த இடம், எத்தனை குடும்பம், எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மழைக்காலம் வருவதற்குள் மானேஜரின் பதில் கையில் இருக்கட்டும். கையெழுத்து வந்த மறுநாளே மண்வெட்டியை எடுக்கலாம்.